பேசப் பேசப் போன் கற்றுக்கொள்கிறதா?

"போன்ல இருக்கிற இந்தக் குரல் அசிஸ்டெண்ட் ரொம்ப லேட்டாப் பதில் சொல்லுதே" என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், இரண்டில் ஒரு பதில் கட்டாயம் வரும். ஒன்று, "நெட் ஸ்லோவா இருக்கும்." இன்னொன்று, "கொஞ்ச நாள் பேசிப் பழக்குங்க, உங்க குரலைக் கத்துக்கிட்டா தானா வேகமாயிடும்." இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு, அதனால்தான் இரண்டும் இத்தனை காலம் தாக்குப் பிடிக்கின்றன. ஆனால் பதில் வரும் வேகம் ஒரு சமாச்சாரம், கற்றுக்கொள்வது முற்றிலும் வேறு சமாச்சாரம். கற்றால் வேகம் வரும் என்று இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போடும் இடத்தில்தான் தவறு நடக்கிறது.

ஆப்பிளின் சிரி, கூகுள் அசிஸ்டெண்ட், சாம்சங்கின் பிக்ஸ்பி, இப்போது கூகுளின் ஜெமினி என்று பெயர்கள் வேறு வேறாக இருந்தாலும் உள்ளே நடக்கும் வேலைகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். அதனால் எல்லாவற்றையும் சேர்த்தே சொல்கிறேன், தேவைப்படும் இடத்தில் மட்டும் பெயர் சொல்லிப் பிரிக்கிறேன்.

## லேட் எங்கே ஆகிறது?

ஒரு ஹோட்டலில் உட்கார்ந்திருக்கிறீர்கள். கையைத் தூக்கிக் கூப்பிடுகிறீர்கள், சப்ளையர் வருகிறார். "ரெண்டு இட்லி..." என்று இழுக்கிறீர்கள். அவர் உடனே ஓடுவதில்லை, வடையும் கேட்பீர்களோ என்று ஒரு கணம் நிற்கிறார். அப்புறம் உள்ளே போய்ச் சொல்கிறார், மாஸ்டர் எடுத்து வைக்கிறார், தட்டு மேசைக்கு வருகிறது. இட்லி வர நேரமானால் நாம் மாஸ்டரைத்தான் திட்டுவோம். உண்மையில் சப்ளையர் உங்கள் கையைக் கவனிக்காமல் இருந்திருக்கலாம், நீங்கள் இழுத்த இழுப்பில் நின்றிருக்கலாம், உள்ளே போகும் வழியில் கூட்டம் இருந்திருக்கலாம்.

போனிலும் இதே வரிசைதான். உங்கள் அழைப்பைக் கேட்பது, பேச்சை எழுத்தாக்குவது, நீங்கள் பேசி முடித்துவிட்டீர்களா என்று தீர்மானிப்பது, சொன்னதன் பொருளைப் பிடித்து வேலையைச் செய்வது, கடைசியாகப் பதிலைக் குரலாக்கிச் சொல்வது. நீங்கள் பேசி முடித்ததிலிருந்து பதில் தொடங்கும் வரை ஆகும் நேரத்துக்குத் தொழில்நுட்பக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் லேட்டன்சி. அந்த நேரம் இத்தனை வேலைகளுக்கும் பங்கு பிரிகிறது. பங்கு சமமாகப் பிரிவதில்லை.

## கூப்பிட்டால் கேட்பது

"ஹே சிரி", "ஹே கூகுள்" என்ற அழைப்புக்கு வேக் வேர்டு என்று பெயர். அதற்காகப் போன் எப்போதும் காதைத் திறந்து வைத்திருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் கேட்பதையெல்லாம் எங்கோ அனுப்பிக்கொண்டே இருந்தால் பேட்டரி மதியத்துக்குள் காலியாகிவிடும். ஆப்பிள் இதை எப்படிச் செய்கிறது என்று 2017இல் அவர்களே விளக்கி எழுதினார்கள். மைக்கில் விழும் ஒலி நொடிக்கு 16,000 முறை அளக்கப்படுகிறது. மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடும் ஒரு சின்ன துணைச் சிப், சுமார் 0.2 நொடி ஒலியை ஒவ்வொரு முறையும் எடுத்துப் பார்த்து, "இது அந்த வார்த்தையா?" என்ற ஒரே கேள்வியைக் கேட்கிறது. இருக்கலாம் என்று தோன்றினால்தான் பெரிய சிப்பை எழுப்புகிறது. பெரியது இன்னொரு முறை நன்றாகச் சோதித்த பிறகே சிரி திறக்கும்.

இந்தக் கட்டம் நன்றாக வேலை செய்தால் நமக்குத் தெரியவே தெரியாது. டிவி சத்தத்தில் கத்திக் கூப்பிட வேண்டியிருந்தால் மட்டும் எரிச்சல் வரும்.

## எழுத்தாக்குவது: இங்கேதான் பெரிய மாற்றம் நடந்தது

அடுத்தது பேச்சறிதல், அதாவது ஒலியை வார்த்தைகளாக மாற்றும் வேலை. இதைச் செய்வது ஒரு மாடல். ஏராளமான பேச்சுப் பதிவுகளையும் அவற்றின் எழுத்து வடிவத்தையும் பார்த்துப் பார்த்து, "இந்த ஒலிக்கு இந்த வார்த்தை வர வாய்ப்பு அதிகம்" என்று கணக்குப் போடப் பழக்கப்பட்ட எண்களின் பெரிய தொகுப்பு என்று வைத்துக்கொண்டால் போதும்.

2011 அக்டோபரில் ஐபோன் 4எஸ்ஸுடன் சிரி வந்தபோது இந்த மாடல் போனுக்குள் கிடையாது. நீங்கள் பேசிய ஒலி நெட் வழியாக ஆப்பிளின் கணினிகளுக்குப் போய், எழுத்தாகி, திரும்பி வர வேண்டும். நெட் இல்லையென்றால் அலாரம் கூட வைக்க முடியாது. "நெட் ஸ்லோ" என்ற விளக்கம் அந்தக் காலத்துக்கு நூறு சதவீதம் பொருந்தியது, அப்போது படிந்த நம்பிக்கைதான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

பிறகு மாடல்களைச் சுருக்கக் கற்றுக்கொண்டார்கள். 2019 மார்ச்சில் கூகுள் தன் ஜிபோர்டு கீபோர்டுக்காக, அமெரிக்க ஆங்கிலத்தைப் போனுக்குள்ளேயே எழுத்தாக்கும் மாடல் ஒன்றை வெளியிட்டது. அதன் அளவு வெறும் 80 எம்பி. பழைய முறையில் வார்த்தைகளைத் தேடும் பகுதி மட்டுமே 2 ஜிபி வரை இடம் பிடித்தது. அதே ஆண்டு மே மாதம், அசிஸ்டெண்டுக்குத் தேவைப்பட்ட 100 ஜிபி அளவிலான மாடல்களை அரை ஜிபிக்குக் கொண்டுவந்துவிட்டதாகவும், பதில் பத்து மடங்கு வரை வேகமாக வரும் என்றும் அறிவித்தார்கள். ஆப்பிள் 2021இல் ஐஓஎஸ் 15 மூலம் ஏ12 சிப்பும் அதற்குப் பிந்தியதும் உள்ள போன்களில் சிரியின் பேச்சறிதலைப் போனுக்குள் கொண்டுவந்தது. முதலில் சில மொழிகளுக்கு மட்டும்தான், அதில் தமிழ் இல்லை.

ஆக, உங்கள் போனின் வேகம் ஒரே நாளில் கூடியிருந்தால் அது உங்களிடம் பழகியதால் வந்தது என்று நினைக்க வேண்டாம். ஏதோ ஓர் அப்டேட்டில் வேலை நடக்கும் இடம் மாறியிருக்கும்.

## பேசி முடித்தீர்களா, இல்லையா?

இதைப் பற்றி யாருமே பேசுவதில்லை, எனக்கோ இதுதான் எல்லாவற்றிலும் சுவாரசியமான பகுதி. பேச்சு எங்கே முடிந்தது என்று கண்டுபிடிப்பதற்கு எண்ட்பாயிண்டிங் என்று பெயர். நீங்கள் பேசுவதை நிறுத்தினால் முடித்துவிட்டீர்களா, யோசிக்கிறீர்களா, மூச்சு விடுகிறீர்களா என்று போனுக்கு எப்படித் தெரியும்? எளிய வழி, கொஞ்ச நேரம் அமைதி இருந்தால் முடிந்தது என்று எடுத்துக்கொள்வது. அந்தக் "கொஞ்ச நேரம்" முழுக்க முழுக்க உங்கள் கணக்கில் லேட்டாக ஏறும். நெட் எவ்வளவு வேகமாக இருந்தாலும், போன் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும், அந்தக் காத்திருப்பு இருக்கும்.

மனிதர்கள் இப்படிக் காத்திருப்பதில்லை. 2009இல் பத்து மொழிகளில் ஆம்-இல்லை கேள்விகளையும் அவற்றின் பதில்களையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வு வந்தது. கேள்வி முடிந்து பதில் தொடங்கும் வரை உள்ள இடைவெளி சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான் என்று அதில் தெரிந்தது. எதிரில் இருப்பவர் முடிக்கப் போகிறார் என்பதை நாம் முன்கூட்டியே ஊகித்து, அவர் பேசும்போதே பதிலைத் தயார் செய்துவிடுகிறோம். இந்தப் பழக்கத்தோடு போனிடம் பேசும்போது, ஒரு நொடி அமைதியே "என்ன, காது கேட்கலையா?" என்ற எரிச்சலைக் கிளப்பிவிடுகிறது.

சரி, காத்திருக்கும் நேரத்தைக் குறைத்தால் என்ன? குறைத்தால் மெதுவாகப் பேசுகிறவர்களின் வாக்கியம் பாதியில் வெட்டுப்படும். "நாளைக்குக் காலைல..." என்று சொல்லிவிட்டு நேரத்தை யோசிக்கும் பெரியவரிடம் "புரியவில்லை" என்று சொல்லிவிட்டு மூடிக்கொள்ளும். கூட்டினால் வேகமாகப் பேசுகிறவர்களுக்குப் பொறுமை போகும். இப்போதைய மாடல்கள் அமைதியோடு சேர்த்து, சொன்ன வார்த்தைகள் ஒரு முழு வாக்கியமாக நிற்கின்றனவா என்றும் பார்த்துத் தீர்மானிக்கின்றன. அதனால் நிலைமை பழைய அளவுக்கு மோசமில்லை.

தமிழில் இன்னொரு சிக்கல் சேர்ந்துகொள்கிறது. நம் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வரும். "காலைல ஆறு மணி அலாரத்த" என்பது வரை கேட்டாலும் ஒன்றும் செய்ய முடியாது. அடுத்து வருவது "வை"யா, "எடுத்துடு"வா, "ஏழு மணிக்கு மாத்து"வா என்பது வாக்கியம் முடியும்போதுதான் தெரியும். ஆங்கிலத்தில் கட்டளை முதல் வார்த்தையிலேயே வந்துவிடுவதால் போன் முன்கூட்டியே ஆயத்தமாக வழி இருக்கிறது. தமிழில் கேட்பவருக்குப் பொறுமை வேண்டும், மனிதராக இருந்தாலும் மெஷினாக இருந்தாலும்.

## பதிலைத் தேடுவது

இங்கே நெட்டுக்கு இன்னமும் பங்கு இருக்கிறது. ஆனால் பலர் நினைப்பது போல "சர்வர் அமெரிக்காவில் இருக்கிறது, அதான் லேட்" என்பதில் பெரிய சாரமில்லை. கண்ணாடி இழைக் கேபிளில் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் ஓடுகிறது. சர்வர் மும்பையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், சென்னையிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், போய்வர ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு போதும். நடைமுறையில் அதைவிடக் கூடுதலாக ஆகும், இருந்தாலும் மனிதர் உணரும் அளவுக்கு வருவதில்லை. உங்கள் போனுக்கும் பக்கத்து டவருக்கும் நடுவே உள்ள நெரிசலும் பலவீனமான சிக்னலும்தான் படுத்துகின்றன.

அப்புறம் நீங்கள் என்ன கேட்கிறீர்கள் என்பது முக்கியம். டார்ச்சைப் போடு என்றால் போனுக்குள்ளேயே முடிகிற வேலை. மழை வருமா என்றால் வெளியே வானிலைத் தகவல் தரும் இடத்தைக் கேட்டு வர வேண்டும். "இந்த வாரம் ஊட்டி போலாமா, யோசிச்சுச் சொல்லு" என்றால் பெரிய மொழி மாடல் ஒன்று பதிலைத் துண்டு துண்டாக உருவாக்க வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். பழைய அசிஸ்டெண்டிலிருந்து ஜெமினிக்கு மாறிய சிலர் "லைட் போடச் சொன்னாக்கூட யோசிக்குது" என்று புலம்புவதற்குக் காரணம் இதுதான். கெட்டிக்காரத்தனம் கூடியது, சின்ன வேலைக்கும் பெரிய மூளையைக் கூப்பிட வேண்டியதாயிற்று.

இந்த வரிசையையே உடைத்துப் பார்த்தவர்களும் உண்டு. சாட்ஜிபிடியின் குரல் வசதியில் முதலில் மூன்று தனித்தனி மாடல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. ஒன்று பேச்சை எழுத்தாக்கும், அடுத்தது பதிலை எழுதும், மூன்றாவது அதைக் குரலாக்கும். சராசரித் தாமதம் மாடலைப் பொறுத்து 2.8 நொடி அல்லது 5.4 நொடி என்று அதை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனம் சொன்னது. 2024 மே மாதம் ஒலியை நேரடியாகக் கேட்டு நேரடியாக ஒலியாகவே பதில் தரும் ஒரே மாடலை அறிவித்தபோது, சராசரி 0.32 நொடி என்றார்கள். இது கிட்டத்தட்ட மனிதர் பதில் சொல்லத் தொடங்கும் வேகம். எந்தப் பயனரும் பேசிப் பழக்கி இந்த வேகம் வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: தாமதம் என்பது அழைப்பு, எழுத்தாக்கம், முடிவைக் கண்டுபிடிப்பது, வேலை, குரல் என்று பல இடங்களில் சேர்கிறது. அதைக் குறைப்பது சிப்பும், மாடலின் அளவும், வேலை போனிலா வெளியிலா நடக்கிறது என்பதும். உங்களோடு பழகிய நாட்கள் இந்தக் கணக்கில் வருவதில்லை.

## சரி, அப்போ எதைத்தான் கற்றுக்கொள்கிறது?

"கற்றுக்கொள்கிறது" என்று நாம் சொல்வதற்குள் குறைந்தது நான்கு வேறு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன.

புதுப் போனில் "ஹே சிரி"யை அமைக்கும்போது சில வாக்கியங்களைச் சொல்லச் சொல்லும் இல்லையா, அது குரல் அடையாளம். உங்கள் குரலின் தன்மையை ஒரு கணக்காகச் சேமித்து வைத்து, கூப்பிடுவது நீங்கள்தானா, பக்கத்து சீட்டுக்காரரா என்று ஒப்பிடுகிறது. யார் பேசுகிறார் என்பதை அறிய மட்டும்தான் அது உதவும். என்ன பேசுகிறார் என்பதைப் புரிந்துகொள்ளும் திறனை அது கூட்டுவதில்லை. "என் குரலைக் கத்துக்கிச்சு" என்று பலர் சொல்வது இதைப் பார்த்துத்தான்.

இரண்டாவது, உங்கள் போனில் ஏற்கெனவே இருக்கும் பெயர்கள். ஆங்கில அமைப்பில் வைத்துக்கொண்டு "கால் செந்தாமரை" என்றால் சம்பந்தமில்லாத இரண்டு ஆங்கில வார்த்தைகளை எழுதிக் காட்டும். அதே பெயர் உங்கள் காண்டாக்ட்ஸில் இருந்து, அதைப் பார்க்க அனுமதியும் கொடுத்திருந்தால் சரியாகப் பிடிக்க வாய்ப்பு கூடுகிறது. எழுத்தாக்கும்போது அந்தப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதிலுள்ள பெயர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் மதிப்பெண் போடுவதால் வரும் பலன் அது. உங்கள் பேச்சிலிருந்து எதையும் கற்கவில்லை, பட்டியலைப் படிக்கிறது, அவ்வளவுதான். "தங்கச்சிக்குப் போன் போடு" என்றால் யார் தங்கச்சி என்று ஒருமுறை கேட்டு வைத்துக்கொள்வதும் இதே வகை.

மூன்றாவது நினைவுக் குறிப்பு. "மதுரைல வெயில் எப்படி?" என்று கேட்டுவிட்டு, "அங்க நாளைக்கு?" என்றால் புரிந்துகொள்கிறதே, அது இப்போது நடக்கும் உரையாடலை மாடலின் முன்னால் வைத்திருப்பதால். உரையாடல் மூடினால் அதுவும் போய்விடும். புதிய அசிஸ்டெண்டுகள் சிலவற்றில் "நான் சைவம், ஞாபகம் வச்சுக்கோ" என்று சொல்லிவைத்தால் அதைக் குறிப்பாக எழுதிக்கொண்டு, அடுத்த உரையாடலின் தொடக்கத்தில் மாடலிடம் நீட்டுகிறார்கள். மாடல் அதே மாடல்தான். நமக்குத்தான் அது மாறிவிட்டது போலத் தோன்றும்.

நான்காவதுதான் நிஜமான கற்றல். இதற்கு டிரெயினிங் என்று பெயர். மாடலுக்குள் இருக்கும் எண்களே மாறுவது. இது அநேகமாக உங்கள் கையில் இருக்கும் போனில் நடப்பதில்லை. நிறுவனங்களின் கணினிக் கூடங்களில், பல ஆயிரம் பேரின் பேச்சை வைத்து நடக்கிறது. முடிந்ததும் அப்டேட்டாக எல்லாருக்கும் ஒன்றாக வருகிறது.

மறுபடி ஹோட்டலுக்கே போவோம். தினமும் வருகிறவர் சர்க்கரை இல்லாத காபி குடிப்பார் என்று சப்ளையர் ஞாபகம் வைத்திருப்பது முதல் மூன்று வகை. மாஸ்டர் சாம்பாரின் கைப்பக்குவத்தையே மாற்றுவது நான்காவது. நீங்கள் தனியாக எத்தனை முறை போய் உட்கார்ந்தாலும் சாம்பார் மாறாது. ஆயிரம் பேர் முகம் சுளித்தால் அடுத்த மாதம் ஒருவேளை மாறலாம்.

## திட்டினால் திருந்துமா?

பெரும்பாலும் இல்லை. "அது இல்லடா, நான் சொன்னது வேற" என்று அதட்டுவதால் அந்த உரையாடலுக்குள் திருத்திக்கொள்ளலாம், அடுத்த வாரம் அதே தவறு வரும். கீபோர்டில் ஒரு வார்த்தையைத் திருத்தித் தட்டினால் அது உங்கள் சொந்த அகராதியில் ஏறும், அதைப் பார்த்துத்தான் குரலுக்கும் அப்படியே நடக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம்.

ஆனாலும் சில மாதம் கழித்து "இப்ப நல்லாப் புரிஞ்சுக்குது" என்று நிறையப் பேர் சொல்வது பொய்யில்லை. என் கணிப்பு, நடுவில் ஓர் அப்டேட் வந்திருக்கும், அதைவிட முக்கியமாக நீங்கள் மாறியிருப்பீர்கள். எதைக் கேட்டால் செய்யும், எந்த வரிசையில் சொன்னால் பிடிக்கும், எங்கே நிறுத்தாமல் பேச வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. வீட்டில் புதிதாக அதே போனை எடுக்கும் இன்னொருவர் அதே அளவுக்குத் திணறுவதைப் பார்த்தால் இது விளங்கும்.

## நம் பேச்சு அங்கே போகிறதா?

டிரெயினிங்குக்குப் பேச்சு வேண்டும், அதை யாராவது கேட்டுச் சரியா தவறா என்று குறிக்கவும் வேண்டும். 2019இல் இது பெரிய சர்ச்சையானது. சிரி, கூகுள் அசிஸ்டெண்ட் பதிவுகளில் ஒரு பகுதியை ஒப்பந்தப் பணியாளர்கள் கேட்கிறார்கள் என்றும், தவறுதலாக விழித்துக்கொண்டு பதிவான அந்தரங்கப் பேச்சுகளும் அதில் இருக்கின்றன என்றும் செய்தி வந்தது. ஆப்பிள் அந்த வேலையை ஆகஸ்டில் நிறுத்திவைத்தது. பிறகு பயனர் ஒப்புக்கொண்டால் மட்டுமே பதிவை வைத்திருப்பது என்று மாற்றியது. இப்படித் தவறுதலாகப் பதிவான பேச்சுகள் தொடர்பான ஒரு வழக்கில், குற்றச்சாட்டை மறுத்தபடியே, 9.5 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொள்ள முன்வந்தது 2025 ஜனவரியில் தெரியவந்தது.

ஒலியை வெளியே அனுப்பாமலே கற்கும் வழியும் இருக்கிறது, அதற்கு ஃபெடரேட்டட் லேர்னிங் என்று பெயர். ஒவ்வொரு போனும் தனக்குள்ளேயே கொஞ்சம் டிரெயினிங் செய்து, "எண்களை இப்படி மாற்றினால் நல்லது" என்ற திருத்தத்தை மட்டும் அனுப்பும். ஏராளமான போன்களின் திருத்தங்களைச் சராசரி எடுத்துப் பொது மாடலில் சேர்ப்பார்கள். 2017 ஏப்ரலில் ஜிபோர்டில் இதைச் சோதிப்பதாகக் கூகுள் அறிவித்தது. போன் சும்மா கிடக்கும்போது, சார்ஜிலும் வைஃபையிலும் இருந்தால் மட்டும் இந்த வேலை நடக்கும். போனுக்குள் கற்றல் நடக்கிறது என்று யாராவது சொன்னால், அதில் உண்மை இருப்பது இந்த இடத்தில்தான். அப்போதும் பலன் உங்களுக்கென்று தனியாக வருவதில்லை, எல்லாருக்குமான மாடலுக்குப் போகிறது.

## தமிழுக்கு ஏன் தடுமாறுகிறது?

கூகுளின் குரல்வழித் தட்டச்சில் தமிழ் வந்தது 2017 ஆகஸ்டில், ஒரே நேரத்தில் சேர்த்த 30 மொழிகளில் ஒன்றாக. ஜெமினி செயலி 2024 ஜூனில் இந்தியாவுக்கு வந்தபோது ஒன்பது இந்திய மொழிகளில் தமிழும் இருந்தது. அதாவது நாம் வரிசையில் கொஞ்சம் பின்னால் நின்றவர்கள். எழுத்து வடிவத்தோடு சேர்ந்த பேச்சுப் பதிவு ஆங்கிலத்துக்குக் கிடைக்கும் அளவில் தமிழுக்குக் கிடைப்பதில்லை. கிடைப்பதிலும் செய்தி வாசிப்பது போன்ற தெளிந்த தமிழ் சுலபமாகக் கிடைக்கும், வீட்டில் பேசும் தமிழ் கிடைக்காது. "போயிட்டு வரேன்" என்பதை எப்படி எழுதுவது என்றே நம்மிடம் ஒரே முடிவு இல்லை. இதில் நெல்லை, கொங்கு, யாழ்ப்பாணம் என்று பேச்சு மாறுகிறது. "நாளைக்கு மீட்டிங்க ரிமைண்ட் பண்ணு" என்று நாலு வார்த்தைக்குள் இரண்டு மொழி கலக்கிறோம்.

இதற்குப் பேசிப் பழக்குவதைவிட அமைப்பில் கை வைப்பது நல்ல பலன் தரும். கூகுள் குரல் தட்டச்சில் தமிழுக்கே இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்று தனித்தனித் தேர்வுகள் உண்டு, உங்கள் பேச்சுக்குப் பொருத்தமானதைப் போட்டுப் பாருங்கள். காண்டாக்ட் பெயர்களை, முழுப் பட்டம் பதவியோடு சேர்க்காமல், வாயில் எப்படிச் சொல்கிறீர்களோ அப்படியே சேமியுங்கள். வாக்கியத்தின் நடுவில் யோசிக்காமல், யோசித்துவிட்டுக் கூப்பிடுங்கள்.

உங்கள் போனில் தாமதம் எங்கே என்று பார்க்க ஒரு சின்ன சோதனை இருக்கிறது. ஏரோப்ளேன் மோடைப் போட்டுவிட்டு அலாரம் வைக்கச் சொல்லுங்கள். உடனே வைத்தால் உங்கள் மொழிக்கான பேச்சறிதல் போனுக்குள்ளேயே இருக்கிறது, மற்ற நேரத்தில் வரும் தாமதத்துக்கு நெட்டையோ வெளி மாடலையோ சந்தேகப்படலாம். நெட் இல்லை என்று கைவிரித்தால் ஒவ்வொரு வார்த்தையும் வெளியே போய்த்தான் வருகிறது. ஆண்ட்ராய்டில் சில மொழிகளுக்கு ஆஃப்லைன் பேச்சுத் தொகுப்பை இறக்கிக்கொள்ளும் வசதி குரல் அமைப்புகளில் இருக்கும், பட்டியலில் உங்கள் மொழி இருக்கிறதா என்று பாருங்கள். ஐபோனில் பதிவுகளை ஆப்பிளோடு பகிர்வதை நிறுத்த, பிரைவஸி பகுதியில் அனலிடிக்ஸ் என்று தொடங்கும் பக்கத்துக்குள் "இம்ப்ரூவ் சிரி" என்ற பொத்தான் இருக்கிறது. அதை அணைத்தால் சிரி மெதுவாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.